அத்தியாயம் 14: கோட்டுக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமை காலை நோரீன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு வாசலில் ட்ரூடியின் பிக்கப் வண்டி பின்னோக்கி வந்து நின்றது. வண்டியின் முதுகில் வாடகைக்கு எடுத்த இயந்திரம் ஒன்று, முரட்டு மாடு போல உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்கே ஆரம்பிச்சுட்டா" என்றாள் நோரீன்.

அவள் கணவர் ஹார்லன் காபியை ஒரு வாய் உறிஞ்சினார். மூன்று வாரமாகவே அவர் சமையலறை ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் காபி குடிக்கிறார்.

வோகெல் அண்ணன் தம்பிகளின் கதையைத் தொடர்ந்து படிப்பவர்கள் இந்த முதுகுக்குக் காரணம் அறிவார்கள். இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு நாலு வரி. ஹார்லன் அண்ணன், மைலோ தம்பி. அமெரிக்காவின் விஸ்கான்சினில், அப்பா விட்டுப்போன நிலத்தில் அடுத்தடுத்து இரண்டு வீடு. நடுவே வேலி இல்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே புல்தரை. ஜூன் மாதம் மைலோவின் வேட்டைநாய் ஹார்லனின் தக்காளிப் பாத்தியைக் கிளறிப் போட்டது. "நாயைக் கட்டிப் போடு" என்றார் அண்ணன். "நாயை எதுக்குக் கட்டணும்? வேலியே போட்டுடறேன்" என்றான் தம்பி. பேச்சு நின்றது. ஆகஸ்ட் கடைசியில் மைலோ பக்கத்துப் புல் மட்டும் பழுத்துக் கருகியது. சரியாக இரண்டு வீட்டுக்கும் நடுவில், நூல் பிடித்தது போல ஒரு கோடு. இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் வைக்கோல். மைலோ அந்தக் கோட்டில் நின்று தெருவே கேட்கும்படி கத்தினான்: "மருந்தடிச்சுக் கொன்னுட்டியே! நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

ஹார்லன் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். 'நான் செய்யலை' என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் நோரீனை அரித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கலவரத்தில் நிதானம் இழக்காதவள் ஒருத்திதான். மைலோவின் மனைவி ட்ரூடி. பனிக்காலத்தில் கவுன்ட்டி சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். எவ்வளவு பனி கொட்டினாலும் ஓரத்திலிருந்து தள்ளிக்கொண்டே போனால் சாலை தெரியும் என்பது அவளுடைய நம்பிக்கை. ஒரே மகள் அடேலுக்கு அடுத்த ஜூனில் கல்யாணம். விருந்து அந்தப் புல்தரையில்தான், கூடாரம் போட்டு.

"யார் கொன்னா என்ன? புல்லு செத்துப் போச்சு. செப்டம்பர்ல விதைச்சாத்தான் ஜூன்ல இருக்கும்" என்று அவள் அப்போதே சொல்லிவிட்டாள்.

இயந்திரம் உறுமத் தொடங்கியது.

நோரீன் ஜன்னலோடு ஒட்டி நின்றாள். ட்ரூடி இரண்டு நாளாகவே மாலை வேளையில் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கியிருந்தாள். காய்ந்த புல்லை ஒட்ட வெட்டி, நீளப் பல் வைத்த வாரியால் வாரி, சாக்குச் சாக்காக ஓரத்தில் கட்டி வைத்திருந்தாள். இப்போது இயந்திரத்தைப் பிடித்து நேர்கோட்டில் நடந்தாள். அதன் குழல் போன்ற இரும்புப் பற்கள் தரையில் இறங்கி, விரல் நீள மண்கட்டிகளைப் பிடுங்கி மேலே துப்பிக்கொண்டே போயின. காற்றும் தண்ணீரும் விதையும் உள்ளே போவதற்கு அந்த ஓட்டைகள்தான் வாசல்.

"வேகமா ஓட்டுறா" என்றார் ஹார்லன், திரும்பாமலே.

"பார்க்காமலே எப்படித் தெரியும்?"

"காது இருக்கே. கல்லு மேல ஏறுது. கொஞ்சம் மெதுவாப் போனா ஆழமா இறங்கும்."

"போய்ச் சொல்லேன்."

ஹார்லன் காபிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அவ்வளவுதான்.

ட்ரூடி கோட்டின் பக்கம் வந்தாள். அந்த இயந்திரத்தின் கனம் ஆளையே இழுத்துப் போய்விடும். திருப்புவதற்கு ஹார்லன் பக்கத்தில் நாலடி ஏறினால் வேலை சுலபம். அவள் ஏறவில்லை. கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நிறுத்தி, பற்களைத் தூக்கி, உடம்பின் முழு பலத்தையும் கொடுத்து அதை அங்கேயே திருப்பினாள். ஒவ்வொரு தடவையும். ஹார்லனின் பச்சையில் ஒரு துளைகூட விழவில்லை.

நோரீன் திரும்பிப் பார்த்தபோது ஹார்லன் நாற்காலியோடு பாதி திரும்பியிருந்தார். கண் அந்தச் சக்கரத்தின் மேலேயே இருந்தது.

"தோள் எலும்பு விட்டுப் போயிடும் அவளுக்கு" என்றார் மெல்ல.

நோரீன் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். நேற்று மாதா கோயில் மீன் விருந்தில் மிஞ்சிய, பெக்கான் பருப்பு வைத்த கிரிங்கிள் ரொட்டியில் இரண்டு துண்டு வெட்டினாள். ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றினாள். நேரே நடந்து போய் கோட்டைத் தாண்டினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவை.

ட்ரூடி இயந்திரத்தை அணைத்தாள். முகமெல்லாம் மண்.

"என்ன, எல்லை தாண்டிட்டே? உங்க வீட்டு ராஜா பாஸ்போர்ட் குடுத்துட்டாரா?"

"வாயை மூடிக்கிட்டு இதைச் சாப்பிடு. காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே."

"மைலோ வாஃபிள் சுட்டான். அதைச் சாப்பிட்டேன்னு சொல்ல முடியாது, கடிச்சேன்." ட்ரூடி கிரிங்கிளை இரண்டே வாயில் முடித்தாள். "அவனுக்கு இன்னிக்கு ஊரெல்லாம், வீட்டைச் சூடாக்குற ஃபர்னஸ் ரிப்பேர் வேலை. குளிர் வரப் போகுதுன்னதும் எல்லாருக்கும் இப்பத்தான் ஞாபகம் வருது. மத்தியானம் வந்துடுவான்."

"வேலிக்காரங்க எப்ப வர்றாங்க?"

"திங்கக்கிழமை." ட்ரூடி கண்ணைத் தாழ்த்தவில்லை. "நான் சொல்லிப் பார்த்தாச்சு, நோரீன். அந்த மண்டையில ஏறலை."

இரண்டு ஓரகத்திகளும் சேர்ந்தே வேலை செய்தார்கள். ட்ரூடி இயந்திரத்தை ஓட்ட, நோரீன் மிச்சமிருந்த காய்ந்த புல்லை வாரினாள். வாசல் பக்கத்து மேப்பிள் மரத்தடியில் வாரி ஒரு இடத்தில் மாட்டியது. நோரீன் இழுத்தாள். புல்தரை வேரோடு, பாயைச் சுருட்டுவது போல அப்படியே சுருண்டு வந்தது.

"ட்ரூடி! இங்க வா!"

அடியில் வேரே இல்லை. கருப்பு மண்ணில், உரித்த இறால் மாதிரி, வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு கிடந்தன புழுக்கள். ஒன்றா இரண்டா? கை வைத்த இடமெல்லாம். வெளிச்சம் பட்டதும் மெல்ல நெளிந்தன.

ட்ரூடி மண்டியிட்டாள். வேறொரு இடத்தில் இழுத்தாள். அங்கும் பாய் போலக் கழன்று வந்தது. அங்கும் புழு.

"ஜூலையில ரோஜாச் செடியை மொய்ச்சுதே ஒரு பச்சை வண்டு, அது போட்ட குஞ்சுங்க" என்றாள். "வேரையெல்லாம் தின்னு தீர்த்திருக்கு. மேல புல்லு தண்ணி இல்லாமக் காய்ஞ்சிருக்கு. ராத்திரி ராத்திரி அந்த நாத்தம் பிடிச்ச ஸ்கங்க் வந்து தோண்டுதே, எதுக்குன்னு யோசிச்சோமா?" புழு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "யாரும் விஷம் வைக்கலை, நோரீன். ஹார்லன் ஒண்ணும் பண்ணலை."

நோரீனுக்கு நெஞ்சில் கிடந்த கல் உருண்டு விழுந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"நான் போய் அவர்கிட்ட சொல்றேன்!"

"சொல்லு. மைலோவுக்கு நான் சொல்றேன். இந்த இறாலையெல்லாம் அவன் தட்டுல வைக்கிறேன்."

நோரீன் கிட்டத்தட்ட ஓடினாள். ஹார்லன் சமையலறையில் இல்லை. கராஜில், மரப்பலகை அலமாரி முன்னால் நின்றிருந்தார்.

"ஹார்லன்! வண்டுப் புழு! அந்தப் பக்கம் முழுக்கப் புழு! ட்ரூடியே கண்ணால பார்த்துட்டா. உன் மேல இருந்த பழி போச்சு!"

ஹார்லன் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை.

"தெரியும்" என்றார்.

"என்னது தெரியும்?"

"புழுதான்னு. அந்தப் பக்கம் மஞ்சளடிக்க ஆரம்பிச்ச அன்னிக்கே தெரியும்."

நோரீனின் கை கதவுப் பிடியிலேயே நின்றுவிட்டது.

ஹார்லன் அலமாரியில் கீழ்த் தட்டைக் காட்டினார். அங்கே ஒரு மருந்து மூட்டை, பாதி காலியாக, வாய் மடித்துக் கட்டி இருந்தது.

"வண்டு முட்டை வைக்கிறதுக்கு முன்னாடி, ஜூன் கடைசியில இதைத் தூவணும். அப்பா போனதிலேர்ந்து வருஷா வருஷம் நான்தான் தூவறேன். ரெண்டு பக்கமும். புல்லு ஒண்ணுதானே, எங்க நிறுத்துறது? மைலோ அந்த நேரம் வேலைக்குப் போயிருப்பான். அவன் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. புல்லு தானா நல்லா இருக்குன்னு நினைச்சிட்டிருந்தான்."

"இந்த வருஷம்?"

"இந்த வருஷம் அந்த நாய்ச் சண்டை நடந்த வாரம். மருந்தைத் தூவுற தள்ளுவண்டியில கொட்டித் தள்ளிட்டுப் போனேன். கோடு வரைக்கும் போனேன்." அவர் மூட்டையின் வாயை இன்னும் இறுக்கிக் கட்டினார். "வண்டியைத் திருப்பிட்டேன்."

நோரீன் அந்த மூட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காகித ஆலையில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்த மனுஷன். யார் வீட்டு வாசலில் பனி குவிந்தாலும் சொல்லாமல் போய்த் தள்ளிவிட்டு வருகிறவர். ஒரே ஒரு தடவை சின்னத்தனமாக நடந்துகொண்டார். அதுவும் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான். அந்த ஒன்றுக்காக ஊர் முன்னால் திட்டு வாங்கி, மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

'இப்போது புழுதான் காரணம் என்று தெரிந்தாகிவிட்டது. இந்த மூட்டை சமாசாரம் யாருக்கும் தெரிய வேண்டாம். இப்படியே விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.' நோரீன் அப்படி நினைத்தது நிஜம். சொல்லவும் வாயெடுத்தாள்.

அதற்குள் வெளியே மைலோவின் வேன் வந்து நிற்கும் சத்தம். நாய் குரைத்தது. ட்ரூடியின் குரல். பிறகு கராஜை நோக்கி வரும் காலடிச் சத்தம்.

கராஜ் வாசலில் நிழல் விழுந்தது.

மைலோ நின்றிருந்தான். ஃபர்னஸ் புகைக்கரி படிந்த சட்டை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். வோகெல் வீட்டு ஆண்கள் தொப்பியைக் கழற்றுவது கோயிலிலும் சாவு வீட்டிலும் மட்டும்தான்.

"ஹார்லன்." தொண்டையைச் செருமினான். "ட்ரூடி காட்டினா. நான்... அன்னிக்குத் தெருவுல நின்னு கத்தினேனே. தப்பு. என் பேர்லதான் தப்பு. அவ்வளவுதான். இதுக்கு மேல அழகாச் சொல்ல எனக்கு வராது."

கையை நீட்டினால் போதும், எல்லாம் முடிந்தது. ஹார்லன் கை நீட்டவில்லை.

"அழகாத்தான் சொன்னே" என்றார். "ஆனா பாதிதான் சரி. நான் ஒண்ணும் தெளிக்கலைடா. தெளிக்காம விட்டேன்."

"புரியலை."

ஹார்லன் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, தனக்குச் சாதகமாக ஒன்றையும் கூட்டவும் இல்லை. கோடு வரை போனதைச் சொன்னார். வண்டியைத் திருப்பியதைச் சொன்னார். "திருப்பும்போது இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் திருப்பினேன்" என்று அதையும் சொன்னார். நோரீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

மைலோவின் முகம் சிவந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேனே!"

"ஆமாம்."

"அடேல் கல்யாணம் அதுலதான்னு உனக்குத் தெரியும்!"

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்தான்."

மைலோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனான். பத்தடி போனவன் நின்றான். பிறகு திரும்பாமலே கேட்டான்:

"அப்பா போனதிலேர்ந்தா?"

"ம்."

"வருஷா வருஷமா?"

"ஆமாம்டா."

"நான் என்னமோ என் கைராசின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்." மைலோ திரும்பினான். கோபம் போகவில்லை, ஆனால் வாய்க் கோடியில் என்னவோ துடித்தது. "பக்கத்து வீட்டு பெர்னிக்குப் புல்லு வளர்க்கிறது எப்படின்னு ஒரு மணி நேரம் க்ளாஸ் எடுத்திருக்கேன், தெரியுமா உனக்கு?"

"கேட்டுட்டுத்தான் இருந்தேன். செடிக்குப் பின்னாடி."

"பாவி! அப்பக்கூட வாயைத் திறக்கலையே!"

"நல்லாத்தான் சொல்லிட்டிருந்தே. பாதி தப்பு. ஆனா நல்லாச் சொன்னே."

கோட்டுக்கு அப்பாலிருந்து ட்ரூடியின் குரல் வந்தது. "அங்க பேசி முடிச்சாச்சுன்னா ஆளுக்கு ஒரு வாரி எடுத்துக்கிட்டு வாங்க! சாயங்காலம் தூறல் போடும்னு ரேடியோவுல சொல்றான். எனக்கு ரெண்டே கைதான்!"

ஹார்லன் மேல் தட்டிலிருந்து வேறொரு பையை இறக்கினார். "இருக்கிற புழுவைக் கொல்ல இது. முதல்ல இதைத் தூவித் தண்ணி விடணும். புழு இருக்கிற மண்ணுல விதையைப் போட்டா அதுக்கு விருந்து வைக்கிற மாதிரி." ஒரு கணம் தயங்கி, தம்பியைப் பார்த்தார். "வரலாமா?"

"வராம? நீ பண்ணின வேலை. நீதான் சரி பண்ணணும்."

அந்த மத்தியானத்தை நோரீன் பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்தாள்.

பாய் பாயாகக் கழன்ற புல்லை மைலோ சுருட்டி எடுத்துப் போட்டான். ஹார்லன் மூட்டு வலியோடு கோட்டைத் தாண்டி, மருந்தைத் தூவி, நீண்ட ரப்பர் குழாயால் மண் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் விட்டார். இயந்திரம் துப்பிய மண்கட்டிகளை வாரியின் பின்புறத்தால் தட்டி உடைத்துப் பரப்பினாள் ட்ரூடி. அவளுடைய விதைக் கலவையைக் கையில் அள்ளி, ஹார்லன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெயிலுக்கு ஒண்ணு, நிழலுக்கு ஒண்ணு, சீக்கிரம் முளைக்க ஒண்ணு. நல்லாக் கலந்திருக்கே, ட்ரூடி. இதைவிட நல்லா நானும் கலந்ததில்லை."

"எழுதிக் குடுங்க. ஃப்ரேம் போட்டு மாட்டிக்கறேன்."

விதை தூவும் தள்ளுவண்டியை இருவரும் மாறி மாறிப் பிடித்தார்கள். ட்ரூடி வடக்கு தெற்காகப் போனாள். இடம் விட்டுப்போகாமல் இருக்க ஹார்லன் கிழக்கு மேற்காகக் குறுக்கே போனார். வாரியைப் பூனை நடப்பது போல மெல்ல இழுத்து, விதை மண்ணுக்குள் கண்ணயரும்படி மூடினார்கள். மேலே வைக்கோலை, மண் அங்கங்கே தெரியும் அளவுக்கு மட்டும் தூவினார்கள். யாருக்கும் யாரும் உத்தரவு போடவில்லை. ரேடியோவில் கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வேலி?" என்று ஹார்லன் ஒரு கட்டத்தில் கேட்டார், குழாயைச் சுருட்டியபடி.

"வரும்" என்றான் மைலோ. "நாயை என்ன பண்றது? புது விதையை மிதிச்சுக் கூத்தடிச்சிடும்."

"வரட்டும். நடுவுல ஒரு கதவு வை. நான் ஜூன்ல வண்டியைத் தள்ளிக்கிட்டு வரணுமில்ல."

மைலோ வாரியை ஊன்றிக்கொண்டு யோசித்தான். "தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருக்கும்" என்றான்.

"அது சரி" என்றார் ஹார்லன். கோபம் முழுக்க ஆற இன்னும் நாள் பிடிக்கும் என்று அவருக்கும் தெரிந்தது. அவசரப்படுத்தவில்லை.

ட்ரூடி கையைத் தட்டினாள். "கேட்டுக்குங்க. முளைக்கிற வரைக்கும் காலையிலயும் சாயங்காலமும் லேசாத் தண்ணி. மேப்பிள் இலை விழ விழ எடுத்துடணும், மேல படிஞ்சா அழுகிடும். அப்புறம் முக்கியமா ஒண்ணு: ஒரு கால் இது மேல படக்கூடாது. போப்பாண்டவரே வந்தாலும் சுத்திக்கிட்டுத்தான் போகணும். அடுத்த ஜூன்ல எம்பொண்ணு கால் படுறதுதான் முதல்."

சொல்லிவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். தலையில் வைக்கோல், முழங்காலில் சேறு. யார் மேல் பழி என்று கேட்காமல், யாரையும் எதிர்பார்க்காமல், தனியாக ஓரத்திலிருந்து ஆரம்பித்தவள். இவளைப் போல ஒருத்தி ஓரகத்தியாக வாய்த்தது தன் அதிர்ஷ்டம் என்று நோரீனுக்குத் தோன்றியது. சொன்னால் கிண்டல் செய்வாள். அதனால் சொல்லாமல் போய் அவள் தோளை அழுத்திப் பிடித்துவிட்டாள்.

"ஆ! அங்கதான். விடாதே."

முதல் தூறல் விழுந்தது. நால்வரும் மேலே பார்த்தார்கள்.

"நான் போய் சூப்பைச் சூடு பண்றேன். எல்லாரும் எங்க வீட்டுலதான் சாப்பிடுறீங்க" என்று நோரீன் சமையலறைக்கு ஓடினாள்.

அடுப்பை ஏற்றியபோது போன் அடித்தது. அடேல். பள்ளிக்கூடம் விட்டால் முதலில் இந்தச் சமையலறைக்குத்தான் ஓடி வருவாள் அந்தப் பெண். இப்போதும் எதையும் அம்மாவிடம் சொல்வதற்கு முன் இங்கே சொல்லிப் பார்ப்பது வழக்கம்.

"அடேல் கண்ணு! இங்க என்ன நடந்ததுன்னு தெரியுமா? உங்கப்பாவும் பெரியப்பாவும்..."

"பெரியம்மா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

நோரீன் குரலைத் தாழ்த்தினாள். "இல்லை. ஏன்?"

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நீங்கதான் சொல்லணும். கல்யாணம் ஜூன்ல இல்லை."

"அய்யோ! ஏன், என்ன ஆச்சு? நிறுத்திட்டீங்களா?"

"இல்லை, இல்லை! முன்னாடி வச்சுக்கறோம். ஜூன் வரைக்கும் எங்களால காத்திருக்க முடியாது. ஏன்னு நேர்ல வந்து சொல்றேன். அடுத்த மாசம், பெரியம்மா. நம்ம வீட்டுப் புல்தரையிலதான். இருநூறு பேர்."

நோரீன் போனைக் காதில் வைத்தபடியே ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். வெளியே மழை மெல்லப் பிடித்துக்கொண்டிருந்தது. கருப்பாக, வெறுமையாக, புதிதாக விதைத்த தரை நனைந்துகொண்டிருந்தது. ட்ரூடி அதைச் சுற்றிலும் குச்சி நட்டு, யாரும் கால் வைக்காதபடி கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருந்தார்கள்.